பூலித்தேவரின் முடிவு: ஒரு மறைவும் மூன்று மரணங்களும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் அடிப்பதற்குக் காரணம், செங்கோட்டைக்கு மேற்கே மலைத்தொடரில் விழுந்திருக்கும் இடைவெளி. ஆரியங்காவு வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வருகிறது. ஐந்தருவியில் ஐந்து கிளையாக விழும் தண்ணீர் அந்தக் காற்று கொண்டுவரும் மழையால் பெருகுவதுதான். கொல்லத்திலிருந்து சரக்கு வந்த வழியும் இதுவே. 1759-இல் திருவிதாங்கூர் மன்னரின் படை கிழக்கே இறங்கியதும் இந்த வாசல் வழியாகத்தான். பத்தாயிரம் பேர் வந்ததாகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். அந்தப் படை முதலில் மோதியது மலையடிவாரத்தில் இருந்த வடகரைப் பாளையத்தோடு. அதன் இலக்கோ வடக்கே, இன்றைய தென்காசி மாவட்டத்திலேயே இருக்கும் நெற்கட்டும்செவல், பாளையக்காரர் பூலித்தேவரின் ஊர்.

பூலித்தேவரின் பெயரைக் கேட்டதும் தென்காசிப் பக்கத்து மக்கள் சொல்லும் கதை சங்கரன்கோவிலில் முடிகிறது. பிடிபட்டுப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு செல்லப்படும் வழியில், கோமதி அம்மனை வணங்கிவிட்டு வருகிறேன் என்று அவர் அனுமதி கேட்கிறார். சந்நிதிக்குள் போனவரின் விலங்கு அறுந்து விழுகிறது; புகையும் சோதியும் எழுகின்றன; அவரைக் காணவில்லை. அவர் மறைந்த இடமாகக் கோயிலுக்குள் ஓர் அறையை இன்றும் காட்டுகிறார்கள். பாடநூல்களும் மேடைகளும் பெரும்பாலும் 'மர்மமான முறையில் மறைந்தார்' என்ற தொடரோடு நின்றுவிடுகின்றன.

அந்தத் தொடரோடு நிற்க வேண்டியதில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பூலித்தேவரின் கடைசி நாளுக்கு ஆவணம் இல்லை. ஆனால் அவருடைய வீழ்ச்சிக்கு ஆவணம் இருக்கிறது. அவரைச் சுற்றி அரசர்கள் செய்துகொண்ட பேரங்கள் கடிதங்களிலும் படைக் குறிப்புகளிலும் பதிவாகியிருக்கின்றன. அதே காலத்தில், ஆற்காட்டு நவாபின் நிழலில் நிகழ்ந்த வேறு மரணங்களோடு ஒப்பிட்டால், கோயில் கதைக்குள் இருக்கும் வரலாற்று உண்மையையும் எடைபோட முடிகிறது.

வரி கேட்டு வந்தவர்கள்

1755-இன் தொடக்கத்தில் கர்னல் அலெக்சாண்டர் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் புறப்பட்டது. கூடவே வந்தவர் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அண்ணன் மாபூஸ் கான். தன் பெயரில் இருந்தும் தன் கைக்கு வராத வரியை நவாப் வசூலிக்க விரும்பினார். அவருக்குக் கொடுத்த போர்ச் செலவை அந்த வரியிலிருந்து எடுத்துக்கொள்ளக் கம்பெனி விரும்பியது. தெற்கின் நெல்வயல்கள் இருவருக்கும் கடன் தீர்க்கும் வழியாகத் தெரிந்தன.

நெற்கட்டும்செவல் கோட்டை முன்னால் வந்து நின்ற ஹெரானிடம் மதிலைத் துளைக்கும் பெரிய பீரங்கிகள் இல்லை. 20,000 ரூபாய் கேட்டார். பூலித்தேவர் கொடுக்கவில்லை. படை திரும்பிப் போனது. திரும்பும் வழியில், மதுரைக்கு அருகே கோயில்குடியில் கொள்ளையடித்த விக்கிரகங்களுக்காக நத்தம் கணவாயில் கள்ளர்கள் அந்தப் படையை மறித்துத் தாக்கினார்கள். சென்னை திரும்பிய ஹெரான், இராணுவ விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுப் பதவி இழந்தார்.

இதற்கு அடுத்த திருப்பம் அரச குடும்பத்துக்குள்ளேயே நிகழ்ந்தது. தம்பியின் ஆட்சியில் தனக்கு உரிய இடம் இல்லை என்று கருதிய மாபூஸ் கான், தான் யாரை அடக்க வந்தாரோ அவரிடமே அடைக்கலம் புகுந்தார். நெற்கட்டும்செவலில் தங்கி, பூலித்தேவரின் கூட்டணிக்கு ஒரு நவாப் குடும்பத்துப் பெயரைக் கொடுத்தார். மேற்குப் பாளையங்கள் பெரும்பாலும் பூலித்தேவரோடு நின்றன. கிழக்கே கட்டபொம்மு மரபினரும் எட்டயபுரத்தாரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். ஆகவே 1750-களின் போரை 'வெள்ளையருக்கு எதிராக ஒன்றுபட்ட தமிழர்' என்று எளிதாக எழுதிவிட முடியாது. அண்ணனும் தம்பியும், பாளையமும் பாளையமும், திருவிதாங்கூரும் ஆற்காடும் ஒரே நிலத்தின் வரிக்காக மாறி மாறி அணி சேர்ந்த காலம் அது. அந்தச் சுழலில் தன் நிலையை மாற்றிக்கொள்ளாமல் நின்றவர் என்பதே பூலித்தேவரின் தனிச்சிறப்பு.

களக்காட்டுக்காக ஒரு பேரம்

1759-இல் தெற்கே வந்த கம்பெனித் தளபதி யூசுப் கான், ஹெரானைவிடப் பல மடங்கு கூர்மையானவர். பூலித்தேவரின் பலம் கோட்டையில் மட்டும் இல்லை, மலைக்கு மேற்கே இருந்த நட்பிலும் இருந்தது என்பதை அவர் கண்டுகொண்டார். திருவிதாங்கூருக்குக் களக்காட்டுப் பகுதிமேல் நெடுநாள் ஆசை. அந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க யூசுப் கான் இசைந்தார். மன்னர் ராமவர்மா அணி மாறினார். நேற்றுவரை பூலித்தேவருக்குத் துணையாக இருந்த படை, செங்கோட்டை வாசல் வழியாக அவருக்கு எதிராகவே இறங்கி வந்தது.

இதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரவில் கூடிப் பேசிய சதி இல்லை இது. கடிதம் எழுதி, நிலம் கேட்டு, நிலம் பெற்று, படை அனுப்பிய வெளிப்படையான வணிகம். ஒரு பாளையக்காரரின் உயிர் அந்த ஒப்பந்தத்தில் ஓர் இனம். பூலித்தேவரின் முடிவில் அரசர்களின் பங்கு என்ன என்று கேட்டால், விடை 1767-இல் இல்லை. அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னால், களக்காட்டு வயல்களின் மேல் கையெழுத்தாகிவிட்டது.

ஆனாலும் அந்தப் பெரும்படையால் உடனே வெல்ல முடியவில்லை. 1759 டிசம்பர் 4 அன்று வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கினார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் எதிர்த்து நிற்க, பூலித்தேவர் நெற்கட்டும்செவலிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களின் முகாமையே வெளியிலிருந்து தாக்கினார். முற்றுகை கலைந்தது, திருவிதாங்கூர்ப் படை ஊர் திரும்பியது. மாபூஸ் கானோ விரைவில் தம்பியோடு சமாதானம் பேசிக் கிளம்பிவிட்டார். மலைக்கு மேற்கே இருந்த அரசர் போனார். உள்ளே இருந்த அரச குடும்பத்தவரும் போனார். தனித்து நின்ற பூலித்தேவரை மறுபடி தாக்க யூசுப் கானுக்கு மேலும் ஓராண்டுக்குமேல் ஆனது. 1761 மே 16 அன்று நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய மூன்று கோட்டைகளும் வீழ்ந்தன. பூலித்தேவர் இராமநாதபுரச் சீமையில் உள்ள கடலாடிக்குப் போனார்.

இந்தப் படையெடுப்புகள் நடந்த காலம் முழுவதும், 1755 முதல் 1763 வரை, சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் பிகட். அவருடைய பெயர் இந்தக் கட்டுரையில் மறுபடி வரும், கைதியாக.

வென்றவருக்குக் கிடைத்த தூக்கு

பூலித்தேவரை வீழ்த்திய யூசுப் கானின் கதை மூன்று ஆண்டுகளில் தலைகீழாகியது. மதுரையில் அவருடைய செல்வாக்கு வளர்ந்ததை நவாப் பொறுக்கவில்லை. கம்பெனி நவாபின் பக்கம் சாய்ந்தது. மதுரைக் கோட்டை முற்றுகையிடப்பட்டது. 1764-இல் அதை நடத்தியவர் மேஜர் சார்லஸ் கேம்பல். பீரங்கிகளால் எடுக்க முடியாத கோட்டையைக் காட்டிக்கொடுத்தவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள்: திவான் சீனிவாசராவ், பாபா சாகிப், பிரெஞ்சுக்காரர் மார்ஷாந்த். 1764 அக்டோபர் 13 அன்று பிடிபட்ட யூசுப் கான், 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். நவாபின் கோரிக்கைப்படி, விசாரணை எதுவும் இல்லாமல். உடலைத் துண்டுகளாக்கி வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று மரபு சொல்கிறது. சம்மட்டிபுரத்தில் அவருக்கு ஒரு தர்கா இருக்கிறது.

இந்த மரணத்தில் ஒரு பாடம் இருக்கிறது. நவாபும் கம்பெனியும் தங்கள் எதிரியைப் பிடித்தால், ஊர் பார்க்கக் கொன்றார்கள். கொன்றதை மறைக்கவில்லை, மறைத்தால் கொன்றதன் பயனே கெட்டுவிடும். பின்னாளிலும் இதே வழக்கம். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மனை மேஜர் பானர்மன் தூக்கிலிட்டபோது, மற்ற பாளையக்காரர்களை வரவழைத்துப் பார்க்கச் செய்தார். 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் வெளிப்படையாகத்தான். பாளையப் போர்களில் தூக்குமரம் ஓர் அறிவிப்புப் பலகை.

வாசுதேவநல்லூரின் கடைசி முற்றுகை

யூசுப் கான் இறந்தபின் பூலித்தேவர் திரும்பி வந்தார்; மேற்குப் பாளையங்கள் மறுபடி தலைதூக்கின. அடக்க வந்தவர் கர்னல் டொனால்ட் கேம்பல். 1767 மே மாதத்தில் அவர் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். அவர் அனுப்பிய அறிக்கையில் ஒரு காட்சி இருக்கிறது. 18 பவுண்டு குண்டு வீசும் பீரங்கி மண்மதிலைப் பிளக்கிறது. துப்பாக்கிச் சூடு நிற்கவில்லை. பிளவின் வாயில் நின்று ஆட்கள் பனந்தடிகளையும் வைக்கோலையும் திணிக்கிறார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருகிறார். தான் கேள்விப்பட்ட எந்த வீரத்தையும் இது மிஞ்சுகிறது என்ற பொருளில் அந்தப் படைத் தலைவர் எழுதுகிறார். பனையும் வைக்கோலும் கரிசலுக்கும் மலைக்கும் இடையில் உள்ள அந்த ஊரில் எல்லாக் களத்திலும் கிடக்கும் பொருள்கள். போர்ச்சாலையில் செய்த இரும்புக்கு எதிராக ஊர்க்களத்துப் பொருளை வைத்துத் தாக்குப்பிடித்தவர்களைப் பற்றி, எதிரியின் கையாலேயே எழுதப்பட்ட சாட்சியம் இது.

கடைசியில் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் காட்டுக்குள் தப்பினார்கள். அந்த ஆண்டே ஹைதர் அலியோடு முதல் மைசூர்ப் போர் மூண்டதால் கம்பெனியின் கவனம் வடமேற்கே திரும்பியது. பூலித்தேவரின் பெயர் அத்தோடு படைக் குறிப்புகளிலிருந்து விலகுகிறது. கோயில் கதை தொடங்குவதும் இங்கேதான்.

இப்போது மூன்று விளக்கங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, அவரைப் பிடித்து இரகசியமாகக் கொன்றார்கள். இரண்டு, பிடிபட்டு வழியில் கோயிலுக்குள் போய்த் தப்பினார். மூன்று, பிடிபடாமலேயே இருந்து, ஆதரவாளர்களின் பாதுகாப்பில் இறந்தார்.

முதல் விளக்கம் மேலே கண்ட வழக்கத்தோடு பொருந்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் தேடிய ஒருவர், அந்தப் பகுதிப் பாளையக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்த ஒருவர் கையில் கிடைத்திருந்தால், யூசுப் கானைப்போல ஊர்நடுவே தொங்கவிட்டிருப்பார்கள். சென்னைக்கு எழுதிப் பெருமைப்பட்டிருப்பார்கள். அந்த அறிவிப்பு வராதது வெறும் ஆவணக் குறை ஆகாது. அதுவே ஒரு சான்று. மற்ற இரண்டு விளக்கங்களில் எது சரியானாலும் ஒரு விஷயம் பொது: அவருடைய உடல் எதிரியின் கைக்குப் போகவில்லை.

கோயில் கதையும் இதைத்தான் சொல்கிறது. சோதியையும் புகையையும் நம்புவது அவரவர் பக்தி. ஆனால் விலங்கு அறுந்தது, பிடித்தவர்களால் கொல்ல முடியவில்லை, உடல் கிடைக்கவில்லை என்ற மூன்று செய்திகளும் கதையின் எலும்பு. சங்கரன்கோவிலைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் உண்டு. சங்கரநாராயணர் கோயில் மேற்குப் பாளையங்களின் நடுவில் இருந்த பெரிய கோயில். ஹெரானின் படை விக்கிரகங்களைக் கொள்ளையடித்த நினைவு அழியாத சீமையில், படைவீரன் வாசலில் நிற்க, கைதி கருவறையை நோக்கி நடக்கும் காட்சி, எந்த அதிகாரம் எதுவரை செல்லும் என்று மக்கள் வரைந்த எல்லைக்கோடு.

விசாரணை நடந்த ஒரு மரணம்

இனி பிகட். 1763-இல் பெரும் செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பிய அவர் பிரபுப் பட்டம் பெற்று, 1775-இல் மறுபடி சென்னை ஆளுநராக வந்தார். இடையில் 1773-இல் கம்பெனிப் படை தஞ்சாவூரைப் பிடித்து நவாபிடம் கொடுத்திருந்தது. மன்னர் துளஜாவிடம் நாட்டைத் திருப்பித் தர வேண்டும் என்பது இலண்டன் இயக்குநர்களின் உத்தரவு. 1776 ஏப்ரலில் பிகட் அதை நிறைவேற்றினார். உடனே பால் பென்பீல்ட் என்ற கம்பெனி ஊழியர் எழுந்தார்: நவாபுக்குத் தான் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்கு ஈடாகத் தஞ்சாவூரின் விளைச்சல் தனக்கு எழுதித் தரப்பட்டிருப்பதாகவும் கூறினார். சென்னையில் கவுன்சில் உறுப்பினர்களில் பலர் நவாபின் கடன்காரர்களோடு பிணைந்திருந்தார்கள். பெரும்பான்மை ஆளுநருக்கு எதிராகத் திரண்டது.

1776 ஆகஸ்ட் 24 மாலை பிகட் கோட்டையிலிருந்து தோட்ட வீட்டுக்கு வண்டியில் புறப்பட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், ஸ்காட்லாந்துக்காரர். அன்று பகலில் ஆளுநரின் விருந்தினர். தீவுத்திடலைக் கடக்கும்போது இராணுவ அதிகாரிகள் வண்டியை மறித்தார்கள். மறிக்கச் சொல்லி ஏற்பாடு செய்தவரே பக்கத்தில் இருந்த அந்தக் கர்னல்தான். ஆளுநர் பரங்கிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். எட்டரை மாதங்களுக்குப்பின், 1777 மே 11 அன்று, காவலிலேயே இறந்தார்.

பிகட்டின் உடல்மேல் விசாரணை நடந்தது. மரண விசாரணை ஜூரிகள் மாதக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டு, சிறைவைத்தவர்கள்மீது கொலைக் குற்றத் தீர்ப்பு சொன்னார்கள். அது நிலைக்கவில்லை. ஆனால் வழக்கு இலண்டன்வரை போனது. 1780-இல் நால்வருக்குத் தலைக்கு 1,000 பவுண்டு அபராதம், சட்டவிரோதமாக ஆளுநரைச் சிறைப்பிடித்ததற்காக. அவர்களுடைய செல்வத்துக்கு அது பொருட்டல்ல. இருந்தாலும் சாட்சிகள், கடிதங்கள், கணக்குகள் எல்லாம் பதிவாயின. ஆற்காட்டு நவாபின் கடன்கள் என்ற ஊழல் 1785-இல் எட்மண்ட் பர்க்கின் புகழ்பெற்ற நாடாளுமன்ற உரைக்குப் பொருளானது. பிகட்டைக் கையால் யாரும் கொன்றதாக நிறுவப்படவில்லை. ஆனால் அவர் சிறைப்பட்டதற்குப் பின்னால் இருந்த பணக்கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது.

பூலித்தேவரையும் பிகட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒற்றுமை துலங்குகிறது. ஒருவரை வீழ்த்தியது களக்காடு. மற்றவரை வீழ்த்தியது தஞ்சாவூர். இரண்டிலும் நவாபின் கடன், நெல்வயல்களின் வரி, அதில் பங்கு கேட்ட கம்பெனிக்காரர்கள். பாளையங்களின்மேல் வரிப்படையை ஏவிய ஆட்சிக்குத் தலைமை தாங்கியவரே, இருபது ஆண்டுகளில் அதே வரிக்கணக்கின் கைதியானார். வேறுபாடு ஒன்றுதான்: பிகட்டின் சாவுக்கு ஜூரி கூடியது, பூலித்தேவருக்காக எந்த மன்றமும் கூடவில்லை.

உடலைக் காட்டிய தாய்

அரசரின் கை இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட பிரபுவின் மரணம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தில் 1592 பிப்ரவரி 7 அன்று மோரே பிரபு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை, பகைவரான ஹன்ட்லி பிரபுவின் ஆட்கள் டோனிபிரிசில் என்ற இடத்தில் வீட்டுக்குத் தீவைத்து, தப்பி ஓடியவரைக் கடற்கரையில் கொன்றார்கள். மோரேயைப் பிடித்துவரும் ஆணை ஹன்ட்லியிடம் இருந்தது. கொடுத்தவர் மன்னர் ஆறாம் ஜேம்ஸ். ஹன்ட்லிக்குக் கடுமையான தண்டனை எதுவும் கிடைக்கவில்லை. மோரேயின் தாய் மகனின் வெட்டுக்காயங்கள் தெரியும்படி உடலை ஓவியமாகத் தீட்டச் செய்தார். நியாயம் கிடைக்கும்வரை அடக்கம் செய்ய மறுத்ததால் உடல் பல ஆண்டுகள் மண்ணுக்குள் போகவில்லை. அந்தச் சாவைப் பாடிய நாட்டுப்பாடல் இன்றும் வழங்குகிறது.

அங்கே தாய் உடலைக் காட்டி நியாயம் கேட்டார். இங்கே உடல் இல்லாததையே மக்கள் வெற்றியாகச் சொன்னார்கள். நீதிமன்றம் வழி தராத இடத்தில், ஓவியமும் பாட்டும் கோயில் அறையும் நீதிமன்றத்தின் வேலையைச் செய்தன. பூலித்தேவரின் கதையை வெறும் அற்புதக் கதை என்று தள்ளுவதும், அதை அப்படியே வரலாறு என்று எழுதுவதும் இந்த வேலையைக் கவனிக்கத் தவறுகின்றன.

செய்ய வேண்டியது

ஓர்மின் நூல், 1881-இல் வந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு, 1914-இல் எஸ்.சி. ஹில் எழுதிய யூசுப் கான் வரலாறு ஆகியவற்றையே நம் எழுத்தாளர்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். மூன்றும் கம்பெனியின் கண்ணால் பார்த்தவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் படைத்துறைக் குறிப்புகளும் டச்சுக்காரர்களின் பதிவுகளும் இருக்கின்றன. நவாபின் தரப்பைச் சொல்லும் பாரசீக வரலாறான துசக்-இ-வாலாஜாஹியை முகமது உசேன் நயினார் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. இவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்து, 1759 முதல் 1767 வரை தென்காசிச் சீமையில் நடந்ததை மாதம் மாதமாக எழுத வேண்டும். செப்டம்பர் 1 அன்று நெற்கட்டும்செவல் நினைவு மண்டபத்தில் மாலை போடும் அரசு, அந்த ஆய்வுக்கும் பணம் ஒதுக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது 'மர்மமாக மறைந்தார்' என்பதோடு முடியக் கூடாது. களக்காட்டுக்காக அவரைக் கைவிட்ட அரசர் யார், குடும்பப் பகைக்காக வந்து ஒட்டி, பின் வெட்டிக்கொண்டு போனவர் யார், கடன் தீர்க்கப் படை அனுப்பியவர்கள் யார் என்பதற்கெல்லாம் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. அவற்றைச் சொன்னால்தான், அவ்வளவு பேர் சேர்ந்து தேடியும் அவரைத் தூக்குமேடையில் நிறுத்த முடியவில்லை என்பதன் அருமை அந்தப் பிள்ளைகளுக்குப் புரியும்.